பசுமை வீட்டுக்குக் கூடுதல் பணம் கட்டும் முன்: முன்சான்றைக் காட்டி எங்களை ஏமாற்றிய விதம்

சென்னையின் தெற்குப் புறநகரில் 96 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில், ‘பிளாட்டினம் தரம் பெற்ற பசுமைக் கட்டடம்’ என்ற விளம்பரத்தை நம்பி நானும் என் மனைவியும் ஒரு வீடு வாங்கினோம். அதே சாலையில் ஏறக்குறைய அதே வசதிகளோடு விற்பனைக்கு இருந்த இன்னொரு கட்டடத்தைவிட இங்கே சதுர அடிக்கு 350 ரூபாய் அதிகம். எங்கள் 1,150 சதுர அடிக்கு அது 4,02,500 ரூபாய் ஆயிற்று. குடியேறி இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்தத் தொகைக்கு ஈடாக எங்களுக்குக் கிடைத்தது நுழைவாயிலில் பதித்த ஒரு பச்சைப் பலகை மட்டுமே. புகார் நிலுவையில் இருப்பதால் கட்டுநரின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட, ஏமாற்றப்பட்ட முறையைத் தெரிந்துகொள்வதுதான் வீடு தேடுவோருக்குப் பயன்படும் என்றும் நினைக்கிறேன்.

பசுமை என்ற சொல்லின் கவர்ச்சிக்காக நாங்கள் இந்த வீட்டை வாங்கவில்லை. 2019 ஜூனில் புழல், சோழவரம், செம்பரம்பாக்கம், பூண்டி ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். தண்ணீர் லாரிக்காக அதிகாலை நான்கு மணிக்குக் குடங்களோடு காத்திருந்த அந்த மாதங்களில்தான், சொந்த வீடு என்று ஒன்று வாங்கினால் மழைநீரை மண்ணுக்குள் அனுப்பும், கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் வீடாகத்தான் வாங்குவது என்று இருவரும் முடிவு செய்தோம். விற்பனைப் பிரிவு மேலாளர், “சார், பிளாட்டினம் ரேட்டட் புராஜெக்ட் இது. கரண்ட் பில்லும் தண்ணிச் செலவும் பாதியாக் குறைஞ்சிடும்” என்று சொல்லி, பொன்னிற ஓரம் போட்ட ஒரு சான்றிதழை மேசைமேல் வைத்தார். அதன் தலைப்பில் ‘பிளாட்டினம்’ என்ற சொல் பெரிதாகவும், ‘முன்சான்று’ என்ற சொல் சிறிதாகவும் இருந்தன. சிறிதாக இருந்ததன் பொருளை நாங்கள் அன்று கேட்கவில்லை.

இந்தியாவில் வீடுகளுக்குப் பசுமைத் தரம் வழங்கும் முறைகள் சில உள்ளன. இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001-இல் தொடங்கிய ஐஜிபிசி எனப்படும் இந்தியப் பசுமைக் கட்டட மன்றம், சான்றளிப்பு, சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்ற படிநிலைகளில் தரம் வழங்குகிறது. டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனமும் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்த கிரிஹா என்ற தர மதிப்பீட்டு முறை, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரங்கள் வரை வழங்குகிறது. இவை மதிப்புக்குரிய முறைகளே. அவற்றின்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. கட்டுவதற்கு முன்பே வரைபடங்களையும் உறுதிமொழிகளையும் பார்த்து, ‘இப்படியே கட்டினால் இந்தத் தரம் கிடைக்கக்கூடும்’ என்று வழங்கப்படுவதுதான் முன்சான்று. கட்டி முடித்த பிறகு, உண்மையில் கட்டியதற்கான வரைபடங்கள், பொருள் வாங்கிய ரசீதுகள், படங்கள் ஆகியவற்றைக் கொடுத்து இறுதிச் சான்று பெற வேண்டும். எங்கள் கட்டுநர் முன்சான்றோடு நின்றுவிட்டார். குடியேறிப் பத்து மாதம் கழித்து, சான்றிதழில் இருந்த பதிவு எண்ணைக் குறிப்பிட்டுச் சான்றளித்த அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். திட்டம் பதிவாகியிருப்பதாகவும், முன்சான்று வழங்கப்பட்டதாகவும், இறுதி மதிப்பீட்டுக்கான ஆவணங்கள் எதுவும் வந்து சேரவில்லை என்றும் சில நாட்களில் பதில் வந்தது. இந்த ஒரு மின்னஞ்சலை முன்பணம் கொடுக்கும் முன் அனுப்பியிருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திராது.

எங்களுக்கு முதல் சந்தேகத்தைத் தந்தது மேற்குச் சுவர். வெளிச்சுவர்கள் முழுவதும் ஏஏசி பிளாக்கில் கட்டப்படும் என்று விளம்பரக் கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்த கல் அது. வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்கும், வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். ஆனால் முதல் சித்திரையிலேயே எங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவர், இரவு பத்து மணிக்கும் உட்புறம் கை வைத்தால் அடுப்படிச் சுவர்போல் சூடாக இருந்தது. பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவெல்லாம் அறைக்குள் விட்டுக்கொண்டிருந்தது. ஏசி வேண்டாம் என்று வைராக்கியமாக இருந்த நாங்கள், மாமியாரின் உடல்நிலையை முன்னிட்டு அந்த மே மாதத்தில் வாங்கிவிட்டோம். அதை மாட்ட வந்த இளைஞர் சுவரில் துளையிடத் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் கீழே இறங்கினார். “சார், ஏஏசின்னு சொன்னீங்களே, அது வெண்ணெய் மாதிரி போகும், வெள்ளையாத் தூள் கொட்டும். இது சாலிட் பிளாக் சார், பிட்டே மழுங்கிடுச்சு” என்று தரையில் கிடந்த கருஞ்சாம்பல் தூளைக் காட்டினார். பிறகு நான்கு வீடுகளில் துளையிட்டுப் பார்த்தோம். முதல் இரண்டு தளங்களில் ஏஏசி இருந்தது. அதற்கு மேலே வெளிச்சுவர் முழுவதும் வெறும் சிமெண்ட் கற்கள். மாதிரி வீடு இருந்தது முதல் தளத்தில் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இது தொடர்பாகப் படிக்கத் தொடங்கியபோதுதான், ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திரக் குறி தரும் எரிசக்தித் திறன் பணியகம், வீடுகளுக்கென 2018-இல் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டிருப்பது தெரிந்தது. சுவர், ஜன்னல்கள் வழியே உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், திறந்துவிடக்கூடிய ஜன்னல் பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு, இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. மாநிலங்கள் அறிவித்து நடைமுறைப்படுத்த வேண்டிய விதித்தொகுப்பு இது என்றாலும், வீடு வாங்குபவர் கையில் இதைவிட எளிய அளவுகோல் இல்லை. ஓர் அளவு நாடா போதும். விலைக்குக் கணக்கிட்ட 1,150 சதுர அடியில் சுவர்களும் பொதுப் பரப்பும் போக, எங்கள் வீட்டின் உட்பரப்பு 800 சதுர அடி; எனவே 133 சதுர அடி திறக்க வேண்டும். ஜன்னல்களும் பால்கனிக் கதவும் சேர்ந்து 124 சதுர அடி இருந்தன. அத்தனையும் சறுக்கும் வகை என்பதால் ஒரே நேரத்தில் பாதிதான் திறக்கும். ஆக, காற்று வர வழி 62 சதுர அடி. பசுமை என்று பெயர் சூட்டிய வீட்டில், தேவைப்படும் காற்று வழியில் பாதிகூட இல்லை.

தண்ணீர் விஷயத்தில் நடந்ததை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. வீட்டு உபயோகத்துக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். அதில் 45 லிட்டர் கழிப்பறைக்கு. கழிப்பறைக்குச் சுத்திகரித்த நீரைத் தனிக் குழாயில் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு நல்ல தண்ணீர் மிச்சமாகும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. குழாய்கள் உண்மையாகவே இரண்டு வரிசையாக ஓடுகின்றன. ஆனால் பிளம்பரை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்ப் பார்த்தபோது, இரண்டும் ஒரே தொட்டியில்தான் போய்ச் சேர்ந்திருந்தன. சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் தொட்டிக்கு ஏறவே வழி அமைக்கப்படவில்லை. லாரியில் விலைக்கு வாங்கிய தண்ணீரைத்தான் 96 குடும்பங்களும் கழிப்பறையில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பிளாட்டினம் கட்டடத்தில் அதுகூடவா இருக்காது என்று நாங்கள் சோதிக்காமலே இருந்தோம். ஐப்பசி மழையில் தெரு முழங்காலளவு நிறைந்தபோதும் எங்கள் உறைகிணறு காய்ந்து கிடந்ததைப் பார்த்து என் மனைவிதான் ஒரு யோசனை சொன்னார். ஒரு வாளியில் மஞ்சள்தூளை நன்றாகக் கரைத்து மொட்டைமாடி வடிகுழாயில் ஊற்றிவிட்டு, கீழே பிள்ளைகளை ஆளுக்கொரு மூலையில் நிறுத்தினோம். மஞ்சள் நீர் உறைகிணற்றுக்கு வரவில்லை. தெருவோர மழைநீர் வடிகாலில் போய் விழுந்தது. கிணறு தோண்டி, உறை இறக்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பி, குழாயை மட்டும் இணைக்காமல் விட்டிருக்கிறார்கள். எங்கள் மொட்டைமாடி ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த ஒரு மாடியில் மட்டும் ஆண்டுக்கு 14 லட்சம் லிட்டர் விழுகிறது.

சூரியமின் பலகைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து கிலோவாட் நிறுவியிருந்தார்கள். நம் வெயிலுக்கு அது நாளுக்குச் சுமார் 20 யூனிட் தரும். மூன்று லிஃப்டுகளுக்கும் மோட்டார்களுக்கும் அது எம்மாத்திரம் என்பது ஒருபுறம் இருக்க, அதையும் மின் இணைப்போடு சேர்க்க விண்ணப்பிக்கவே இல்லை.

கட்டுநரிடம் முறையிட்டபோது, கையேட்டில் இருப்பவை மாதிரிக்கானவை மட்டுமே என்ற கடைசிப் பக்கப் பொடி எழுத்தையும், ஒப்பந்தத்தில் ‘சுவர்: தரமான பிளாக் கட்டு வேலை’ என்று மட்டும் இருப்பதையும் காட்டினார்கள். ஒப்பந்தத்தில் எந்த பிளாக் என்று எழுதச் சொல்லாதது எங்கள் தவறு. ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்திலோ கையேட்டிலோ மாதிரி வீட்டிலோ காட்டிய பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி இழப்படைந்தவருக்குக் கட்டுநர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. 14-ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ சேவைகளிலோ குறை தெரிவிக்கப்பட்டால், 30 நாட்களுக்குள் அவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆகவே கையேட்டையும், விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும், மாதிரி வீட்டில் எடுத்த படங்களையும் ஒருபோதும் அழித்துவிடாதீர்கள். எங்கள் புகாருக்கு இப்போது முதுகெலும்பாக இருப்பவை அவைதான்.

இனி வாங்கப்போகிறவர்கள், கட்டி முடிந்த கட்டடமானால் இறுதிச் சான்றைக் கேட்டு, அதன் எண்ணைச் சான்றளித்த அமைப்பிடமே சரிபாருங்கள். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடமானால், இறுதிச் சான்று இன்ன தரத்தில் இன்ன தேதிக்குள் பெற்றுத் தரப்படும், தவறினால் பசுமைக்கெனக் கூட்டிய விலை திரும்பத் தரப்படும் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அவர்கள் கேட்கவே கூடாது என்று அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே, பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்கும்போதே எழுதிக் கேளுங்கள். மேல்தளங்களில் சுவர் எழும்பும் நாளில் ஒருமுறை நேரில் போய், அங்கே கிடக்கும் உடைந்த கல் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

எங்களில் 61 குடும்பங்கள் சேர்ந்து எழும்பூரில் உள்ள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறோம். இரண்டு விசாரணைகள் முடிந்துள்ளன. சுவரை இனி மாற்ற முடியாது. மழைநீர்க் குழாயை மட்டும் எங்கள் செலவில், குறையைப் படமெடுத்து ஆணையத்தில் தாக்கல் செய்த பிறகு, சென்ற ஞாயிற்றுக்கிழமை உறைகிணற்றோடு இணைத்துவிட்டோம். மாலையில் மறுபடியும் மஞ்சள் கரைத்து ஊற்றினோம். இந்த முறை கிணற்றுக்குள் விழுந்தது.