இன்ஜின் நல்ல இன்ஜின், ஃபில்டர்தான் வில்லங்கம்

மன்னார்குடித் தம்பி ஒருவர் செகண்ட்ஹேண்டில் ஒரு லாரி பார்த்து வைத்திருக்கிறார். என் வண்டியின் அதே மாடல். "எடுக்கலாமாண்ணே?" என்று கேட்டார். போனில் பேசினால் கோபம்தான் முந்திக்கொண்டு வரும், அதனால் எழுதுகிறேன். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரை மாற்றிய பில் இன்னும் டேஷ்போர்டில்தான் கிடக்கிறது.

இன்ஜினைக் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். பேராவூரணியில் தேங்காய் ஏற்றினால் லூதியானா வரைக்கும் இழுவை குறையாது. கிளட்ச் இன்னும் வண்டியோடு வந்ததுதான். மைலேஜிலும் குறையில்லை.

தொல்லை எல்லாம் டீசல் ஃபில்டரில். மார்கழியில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் உறைகிறதே, வடக்கே டீசலுக்கும் அதே கதிதான். டீசலில் இயல்பாகவே மெழுகு உண்டு. குளிர் ஏறினால் அது திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். டேங்கைத் திறந்து பார்த்தால் டீசல் லேசாகக் கலங்கித் தெரியும், அவ்வளவுதான். டீசலுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1460-இன்படி, ஃபில்டர் அடைபடத் தொடங்கும் வெப்பநிலை கோடைக்கால டீசலில் 18 டிகிரிக்கு மேலும், குளிர்கால டீசலில் 6 டிகிரிக்கு மேலும் போகக்கூடாது. பஞ்சாபில் தை மாத விடியற்காலையில் 3 டிகிரியெல்லாம் சாதாரணம். லடாக்குக்கென்று 2019-இல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசல் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் நம் லோடு போகிற வழியில் சாதா டீசல்தான்.

வண்டி ஸ்டார்ட் ஆகும். லைனில் மிச்சமிருக்கிற டீசலில் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் திணறி நின்றுவிடும். திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் பேட்டரி இறங்கிவிடும். ஃபில்டர் மேல் சுடுதண்ணீர் ஊற்றி, ஹேண்ட் பம்பை அமுக்கி லைனில் புகுந்த ஏரை எடுத்தால் தீர்ந்தது. இந்த மாடலில் அதுதான் முடியாது. ஃபில்டரைச் சேஸிசுக்கும் ஏர் டேங்குக்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறார்கள். முழங்கை போகாது. விரல் மரத்துப்போன நேரத்தில் இரண்டு விரலால் பம்ப் அடிக்க வேண்டும். கிளீனர் பையன் கை கிழிந்து ரத்தம் வந்ததைப் பார்த்தபோது, இதை வரைந்தவரை ஒரு ராத்திரி அங்கே நிறுத்த வேண்டும் என்று தோன்றியது.

சிலர் டேங்குக்கு அடியில் தீ மூட்டுவார்கள். வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் கலப்பதும், டீசலை அதிக அழுத்தத்தில் பீய்ச்சுகிற காமன் ரெயில் வண்டிக்கு ஆகாது. அந்த அழுத்தம் கொடுக்கிற பம்புக்கு டீசல்தான் எண்ணெய்ப்பசை, அது நீர்த்தால் பம்ப் தேயும்.

சரி, நம் ஊரில் குளிர் இல்லையே என்பீர்கள். இங்கே தண்ணீர். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைக்காகப் பாதி டேங்கோடு நாள்கணக்கில் நிற்கிறோம். ராத்திரிப் பனியில் டேங்கின் காலிப்பக்கம் உள்ளே வேர்த்து, தண்ணீர் டீசலுக்கு அடியில் இறங்கிவிடும். அதை வடிக்கிற திருகு எங்கே? அதே ஃபில்டரின் அடியில். கை எட்டாததால் டிரைவர்கள் வடிக்காமல் விடுகிறார்கள். என் இன்ஜெக்டர் போனது அப்படித்தான். இப்போது டேங்கை நிரப்பிவிட்டுத்தான் வரிசையில் நிறுத்தச் சொல்கிறேன்.

இன்ஜினுக்காக எடுக்கலாம், மைலேஜுக்காகவும் எடுக்கலாம். ஆனாலும் வேண்டாம் தம்பி என்றுதான் இன்றைக்கு என் வாயில் வருகிறது. நீங்கள் பார்த்த வண்டியில் பழைய ஓனர் ஃபில்டரை வெளிப்பக்கம் மாற்றியிருந்தால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.