எம்.டிஎச். ஆயத்த வகுப்பு: கிரேக்கத்துக்காகப் போகலாம்

போன மே மாதம் தென்மாவட்டத்து இறையியல் கல்லூரி ஒன்றில், எம்.டிஎச். (இறையியல் முதுகலை) சேர விரும்புகிறவர்களுக்கென்று நடத்திய மூன்று வார ஆயத்த வகுப்புக்குப் போய்வந்தேன். கல்லூரியின் பெயரைப் போடவில்லை. திட்டுவதும் கொஞ்சம் இருக்கிறது, அங்கே எனக்கு வேண்டியவர்களும் இருக்கிறார்கள். தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். நான் பி.டி. (இறையியல் இளங்கலை) முடித்து ஒன்பது வருஷம் ஆகிறது, போதகராக இரண்டு சேகரம் (சபை வட்டாரம்) மாறியாகிவிட்டது, கையில் ரசீதுப் புத்தகம் தவிர வேறு புத்தகம் பிடித்தே நாளாகிறது. அந்த நிலைமையில் போனவன் எழுதுவது இது.

கிரேக்க வகுப்புக்கு மட்டுமே அந்த 4,500 தகும். பி.டி.யில் நான் கிரேக்கம் படித்தது பரீட்சைக்கு முந்தின வாரம், அட்டவணையை மனப்பாடம் பண்ணி, எழுதி முடித்த அன்றைக்கே மறந்தும் போனேன். இங்கே வகுப்பெடுத்த ஐயா முதல் நாளே பலகையில் தமிழ் வேற்றுமைகளை எழுதினார். "வார்த்தை" என்பதற்கான கிரேக்கச் சொல்லை எடுத்தால், லோகோஸ் என்றால் முதல் வேற்றுமை, லோகோன் இரண்டாம் வேற்றுமை, லோகோ நான்காவது, லோகூ ஆறாவது, லோகே விளி, அதாவது எட்டு. மூன்று, ஐந்து, ஏழு எங்கே போனது என்று ஒருவர் கேட்க, "அதையெல்லாம் முன்னிடைச் சொல்லை (preposition) வைத்து இந்த ஐந்துக்குள்ளேயே சமாளித்துக்கொள்வார்கள்" என்றார். அவ்வளவுதான், ஒன்பது வருஷத்துக்கு முன் இங்கிலீஷில் கேட்டுப் புரியாத விஷயம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. சொற்களை முன்னே பின்னே மாற்றிப் போட்டாலும் உருபு இருந்தால் அர்த்தம் கெடாது என்பதை நமக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லையே, சின்ன வயசிலிருந்து அப்படித்தானே பேசுகிறோம்.

அப்புறம் யோவான் 1:1-ஐ எடுத்தார். கடைசித் துண்டு கிரேக்கத்தில் "தேயோஸ் ஏன் ஹோ லோகோஸ்" என்று வருகிறது. தேயோஸ் (தேவன்), லோகோஸ் இரண்டுமே முதல் வேற்றுமை, அப்படியானால் எழுவாய் எது? ஹோ (இங்கிலீஷ் the மாதிரி) எதன் முன்னால் நிற்கிறதோ அதுதான். நம் பழைய மொழிபெயர்ப்பில் "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்று இருக்கிறதே, அந்த "அந்த"வை அதுவரை நான் சும்மா வாசித்துக் கடந்திருக்கிறேன். எத்தனை கிறிஸ்துமஸ் பிரசங்கம் பண்ணியிருப்பேன் இந்த வசனத்தில்! எபிரேய வகுப்பு இந்த அளவுக்கு இல்லை. 22 எழுத்தையும் வலமிருந்து இடமாக எழுதிப் பழகவே ஒரு வாரம் போய்விட்டது, வினைச்சொல் பக்கம் எட்டிப் பார்த்தோம், அவ்வளவுதான். பழைய ஏற்பாட்டில் எம்.டிஎச். பண்ணப் போகிறவர்கள் தனியாக வேறு ஏற்பாடு பண்ணிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, ஆய்வுக் கட்டுரை எழுதப் பழக்குவது. இதில்தான் எல்லாரும் அடி வாங்கினோம். பிரசங்கம் பண்ணுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு, எங்கே படித்தது என்று சொல்லாமலே ஓட்டிவிடுவான், சபையாரும் அடிக்குறிப்பு கேட்கமாட்டார்கள். நான் கொடுத்த ஐந்து பக்கக் கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் "யார் சொன்னது?" என்று பதினொரு இடத்தில் எழுதியிருந்தது. நானே யோசித்தது என்று நினைத்த ஒரு வரியும் அதில் இருந்தது, தேடிப்பார்த்தால் நான் பல வருஷம் வைத்திருக்கும் ஒரு விளக்கவுரையில் அப்படியே கிடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் கொண்டுவந்த கருத்துத்திருட்டு விதியில், பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது, 60-ஐத் தாண்டினால் பட்டத்துக்கான பதிவே ரத்து. இந்தக் கல்லூரியும் தன் கையேட்டில் அதே அளவைத்தான் வைத்திருக்கிறது. என் கட்டுரைக்கு எத்தனை வந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை.

கையேடு என்றதும் நினைவு வருகிறது. 64 பக்கம், அதை இரண்டாம் வாரம்தான் கையில் கொடுத்தார்கள். விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டியது. எம்.டிஎச். சேர்ந்தபின் வருகைப்பதிவு 80 சதவீதம் வேண்டும், தாமதமாகக் கொடுத்தால் நாளுக்கு இத்தனை மதிப்பெண் குறையும், எல்லாம் நியாயம்தான். ஆனால் சேகரத்தில் ஒரு சாவு என்றால் என்ன செய்வது என்று அதில் எங்கும் இல்லை. அந்த மூன்று வாரத்திலேயே நான் ஒரு அடக்க ஆராதனைக்காக ராத்திரி பஸ் பிடித்துப் போய், மறுநாள் ராத்திரியே பஸ் ஏறி காலை எட்டரை வகுப்புக்கு வந்து உட்கார்ந்தேன், நடுவே போன அந்த ஒரு நாளுக்கு "வரவில்லை" என்றுதான் விழுந்தது. படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஊழியத்தில் இருக்கிறவர்கள் என்று தெரிந்துதானே வகுப்பு நடத்துகிறார்கள்?

இதைவிடப் பெரிய குறை ஒன்று. என் அறையில் இருந்த தம்பி ஏடிஏ (ஆசிய இறையியல் கழகம்) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.டிவ். (பி.டி. மாதிரி ஒரு இறையியல் பட்டம்) முடித்தவர். வங்காளத்துச் செராம்பூர் கல்லூரியின் பெயரில் கொடுக்கும் பி.டி. இல்லாமல் எம்.டிஎச்.சில் நேரடியாக இடம் கிடைக்காது, கூடுதலாகச் சில தாள்கள் எழுத வேண்டியிருக்கும் என்று கடைசி வாரம்தான் அவரிடம் சொன்னார்கள். பணம் வாங்கும்போது சொல்லியிருக்கலாம். வேறு அமைப்பில் படித்தவர்கள் தகுதி விஷயத்தை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், போனில் சொல்வதை நம்பாதீர்கள். சபையின் பரிந்துரைக் கடிதத்துக்கும் இப்போதே அலையத் தொடங்குங்கள், எனக்கு அது வந்து சேர நாலு மாசம் ஆனது.

"செராம்பூர் பட்டம் செல்லுமா ஐயா?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஆங்கிலேய மிஷனரிகள் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் 1818-ல் ஆரம்பித்த கல்லூரி, 1827-ல் டென்மார்க் ராஜா பட்டம் கொடுக்கும் உரிமையைச் சாசனமாகக் கொடுத்தார், ஏனென்றால் அந்த ஊர் அப்போது நம் தரங்கம்பாடி மாதிரியே டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. இரண்டையும் 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள், சாசனம் மட்டும் நிலைத்தது. ஆனாலும் முதல் பி.டி. பட்டம் 1915-ல்தான் கொடுத்தார்கள், 1918-ல் தனிச் சட்டமும் வந்தது. சபைகளில் செல்லும், தாராளமாகச் செல்லும். அரசு வேலைக்கு என்று நினைத்துப் படிக்கிறவர்கள் மட்டும் அந்தந்த இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தமிழில் பி.டி. படித்தவர்கள் எங்களில் மூன்று பேர் இருந்தார்கள், விஷயஞானத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை, ஆனால் எம்.டிஎச். ஆங்கிலத்தில் என்பதால் முதல் வாரம் வாயே திறக்கவில்லை. அவர்களுக்கென்று சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆங்கில எழுத்துப் பயிற்சி வைத்தது நல்ல காரியம், ஆனால் எடுத்தவர் வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை. அவருக்கு வருகைப்பதிவு கிடையாது போலிருக்கிறது.

நூலகம் அருமை, ராத்திரி ஒன்பதரை வரை திறந்திருக்கிறது, மின்விசிறியும் ஓடுகிறது. மெஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன், ஊறுகாய் கொண்டுபோங்கள். நூலகத்துக்கு வாங்கிய முன்பணம் 1,000 ரூபாய் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. இன்று காலை மூன்றாவது தடவையாக அலுவலகத்துக்குப் போன் போட்டேன், "அடுத்த வாரம் வந்துரும் ஐயரே" என்றார்கள். இதே பதிலைத்தான் போன தடவையும் சொன்னார்கள்.