1 டிபி எஸ்எஸ்டின்னு சொல்லி 120 ஜிபி கூட இல்லாதத தலைல கட்டிட்டாங்க, தருமபுரி மக்கா உஷார்

வீட்டு கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா சிப்புல ஃபைல் சேமிக்கற, வேகமான டிரைவ்) மாத்தலாம்னு இருக்கறவங்க இத முழுசா படிச்சிட்டு கடைக்கு போங்க. நாலு ரோடு பக்கம் சந்துல ஒரு கடை, பேர நான் இங்க போடல. மத்த கடைல 1 டிபி ஐயாயிரத்துக்கு மேல சொல்றப்ப இங்க 2,800, "பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல இருந்து நேரா வர்ற சரக்கு தம்பி, நடுவுல ஆளே இல்ல, அதான் ரேட் கம்மி"ன்னாரு. பெங்களூர்ல இருந்து வாங்கியாந்து விக்கிறது நம்ம ஊர்ல வழக்கம்தானே, அதனால யாருக்கும் சந்தேகம் வராது. விண்டோஸ் ஏத்தி, பழைய ஹார்ட் டிஸ்க்ல இருந்தத காப்பி பண்ணி குடுத்தாரு. பழச 300 ரூபாய்க்கு எடுத்துக்கறேன்னு வேற கேட்டாரு, எங்கம்மா தரவே கூடாதுன்னுட்டாங்க, அது ஒண்ணுதான் எங்கள காப்பாத்துச்சு.

வீட்டுக்கு வந்தா கம்ப்யூட்டர் சூப்பரா ஆன் ஆகுது, ஸ்பீடாவும் இருக்கு. ஆனா தங்கச்சி கல்யாண வீடியோ ஓடல. போட்டோ பாதி சாம்பல் கலரா தெரியுது. அப்பா நிலப் பத்திரம் ஸ்கேன் பண்ணி வெச்சிருந்தது, பேர் இருக்கு, சைஸ் காட்டுது, திறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல.

கடைக்கு போனா "931 ஜிபி காட்டுதுல்ல, அப்புறம் என்ன, உங்க ஃபைல்ல வைரஸ்"ங்கிறாரு. இங்கதான் விஷயமே இருக்கு. நிஜமான 1 டிபியும் விண்டோஸ்ல 931னுதான் காட்டும், ஆனா அந்த நம்பர டிரைவ்தான் சொல்லுது, விண்டோஸ் எண்ணிப் பாக்கறதில்ல. உள்ள சின்ன சிப்பு வெச்சு, டிரைவ இயக்கற கன்ட்ரோலரோட சாஃப்ட்வேர மாத்தி 1 டிபின்னு பொய் சொல்ல வெச்சிடறாங்க. சிப்பு ரொம்புற வரைக்கும் எல்லாம் சரியா இருக்கும், அதுக்கப்புறம் வர்றது பழசு மேலயே எழுதப்படும் இல்லனா அப்படியே காணாம போயிடும், எர்ரர் கூட வராது.

பெங்களூர்ல வேலை பாக்கற மச்சான் லீவுக்கு வந்தப்ப பழைய ஹார்ட் டிஸ்க்ல பூட் பண்ணி, எஸ்எஸ்டிய ரெண்டாவது டிரைவா மாட்டி, காலி பண்ணிட்டு ஹெச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் ஓட்டினாரு. அது டிரைவ் பூரா எழுதி திரும்ப படிச்சு பாக்கும். நூறு ஜிபி தாண்டினதும் எல்லாம் குப்பை. கம்பெனி வெப்சைட்ல சீரியல் நம்பர் போட்டா அப்படி ஒரு நம்பரே இல்லங்குது. டப்பாவுல செகண்டுக்கு 3,500 எம்பி ஸ்பீடுன்னு போட்டிருக்கு, ஆனா அது சாட்டாங்கிற பழைய வகை கனெக்‌ஷன்ல ஓடற டிரைவ், சாட்டா எப்படி ஓடினாலும் சுமார் 550தான். பழைய டெஸ்க்டாப்புக்கு அந்த 550ஏ தாராளம், ஆனா சாட்டா டப்பாவுல ஆயிரக்கணக்குல ஸ்பீடு போட்டிருந்தா கைலயே எடுக்காதீங்க. எடை கம்மியா இருக்குன்னு மட்டும் போலின்னு முடிவு பண்ண வேண்டாம், நல்ல 2.5 இன்ச் டிரைவ்லயும் உள்ள போர்டு சின்னதாதான் இருக்கும்.

இதெல்லாம் காட்டினதுக்கு அப்புறமும் பணம் தரல. கைல இருக்கறது கடை பேர் போட்ட துண்டு சீட்டு, அதுல "எஸ்எஸ்டி 1 டிபி"ன்னு அவர் கையெழுத்து. அத வெச்சு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கோம், சரி வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் போவோம். 5 லட்சம் வரைக்கும் வாங்கின பொருளுக்கு அங்க கட்டணம் இல்ல, 2 வருஷத்துக்குள்ள குடுக்கணும். 2,800 ரூபாய்க்கு இவ்ளோவான்னு கேக்கறாங்க, எங்கம்மா மட்டும் அந்த ஹார்ட் டிஸ்க்க குடுத்திருந்தா கல்யாண வீடியோவுக்கு நான் எங்க போவேன்?

ஜிஎஸ்டி பில்லுல மாடலும் சீரியல் நம்பரும் எழுதித் தராத கடைல வாங்காதீங்க. ஏற்கனவே வாங்கிட்டவங்க பழைய டிஸ்க்க இப்போதைக்கு அழிக்காதீங்க, எஸ்எஸ்டில இருக்கறத வேற எடத்துல காப்பி எடுத்து திறந்து பாத்துட்டு, காலி டிரைவ்ல அந்த டெஸ்ட்ட ஓட்டுங்க, நிரம்பின டிரைவ்ல ஓட்டினா போலியா இருந்தா இருக்கறதும் போயிடும். நேரம் ஆகும், ராத்திரி ஓடவிட்டுட்டு காலைல பாருங்க. அதே சந்துல வாங்கி இதே மாதிரி ஆனவங்க இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, சேர்ந்தே புகார் குடுப்போம்.