கார்ன் ஃபெர்ரியா, ஹோட்டல்பிளானரா? இரண்டாம் கட்ட கோல்ஃப் டூரில் ஒரு சீசன்

பெரிய டூருக்குள், அதாவது சீசன் முழுக்க ஊர் ஊராக நடக்கும் முதல்தரப் போட்டித் தொடருக்குள், இன்னும் நுழையாத ஒரு தொழில்முறை கோல்ஃப் வீரருக்கு முன்னால் இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் கார்ன் ஃபெர்ரி டூர். ஐரோப்பாவில் ஹோட்டல்பிளானர் டூர். 2024 வரை அதற்கு சேலஞ்ச் டூர் என்று பெயர். 2025 சீசனில் இரண்டுமே புள்ளிப் பட்டியலின் முதல் 20 பேரை மேலே அனுப்பின. இரண்டிலும் ஒரே சீசனில் மூன்று பட்டம் வென்றால் ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உடனே உயர்வு கிடைத்துவிடும். விதிப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். உள்ளே போய் ஒரு சீசன் ஆடுகிறவருக்குக் கிடைக்கும் வாழ்க்கை வேறு வேறு.

எல்லாரும் முதலில் கேட்பது பணம். கார்ன் ஃபெர்ரியில் வழக்கமான ஒரு போட்டிக்கு மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர். வெல்பவருக்கு அதில் 18 சதவீதம், அதாவது 1,80,000 டாலர். ஐரோப்பாவில் பல போட்டிகளின் மொத்தமே 3 லட்சம் யூரோ அளவில்தான். வெல்பவருக்கு 16 சதவீதம் என்றால் 48,000 யூரோ. ஏறத்தாழ மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆனால் இரண்டு இடத்திலும் இரண்டாம் நாள் முடிவில் கட் தவறியவருக்கு, அதாவது கடைசி இரண்டு நாள் ஆடத் தேவையான ஸ்கோரை எட்டாதவருக்கு, ஒரு காசு கிடையாது. விமானம், தங்கும் அறை, பையைச் சுமந்து ஆலோசனை சொல்லும் கேடியின் வாரச் சம்பளம் எல்லாம் ஆட்டக்காரரின் கைக்காசு. அமெரிக்காவில் பட்டியலின் நடுவில் முடித்தாலும் அந்த வாரத்தை ஓரளவு சமாளித்துவிடலாம். ஐரோப்பாவில் நடுவில் முடிப்பவருக்குச் செலவை எடுப்பதே பெரும்பாடு. குடும்பத்தின் ஆதரவோ ஸ்பான்சரோ இல்லாதவருக்கு இது சின்ன விஷயமில்லை.

பயணத்துக்கு வருவோம். கார்ன் ஃபெர்ரி சீசன் ஜனவரியில் பஹாமாஸ் தீவுகளில் தொடங்கும். பிறகு பனாமா, கொலம்பியா, அர்ஜென்டினா, சிலி. வசந்த காலத்திலிருந்து அமெரிக்காவின் உள் மாநிலங்கள். அங்கே பல வீரர்கள் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் காரிலேயே போய்விடுவார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த வாரம் பொகோட்டா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரம், காற்று மெலிசு. வழக்கமாக அடிக்கிற அதே அடிக்குப் பந்து வெகுதூரம் கூடுதலாகப் பறக்கும். பயிற்சி நாட்களில் பார்த்தால், கேடிகள், மைதானத்தின் தூரங்களைக் குறித்துவைக்கும் யார்டேஜ் புத்தகத்தில் ஒவ்வொரு தூரத்துக்கும் பக்கத்தில் குறைத்த எண்ணைப் பென்சிலில் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒரு கிளப் தப்பாக எடுத்தால் பந்து குழி இருக்கும் கிரீனைத் தாண்டி மரத்துக்குள் போய்விடும். கணக்கு சரியாக அமைந்தால் என்ன ஆகும் என்பதை 2024-இல் கிறிஸ்டோபல் டெல் சோலார் காட்டினார்: அங்கே ஒரு முழுச் சுற்றை வெறும் 57 ஷாட்டில் முடித்தார்.

ஐரோப்பியச் சீசனுக்கு பாஸ்போர்ட்டில் தாராளமாகப் பக்கங்கள் வேண்டும். தென்னாப்பிரிக்கா, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், கோடை முழுக்க ஐரோப்பாவின் குறுக்கும் நெடுக்கும், பிறகு சீனா, கடைசியில் மயோர்க்கா தீவின் அல்கனாடா. வாராவாரம் புல் மாறும், காற்று மாறும், மொழி மாறும். அமெரிக்காவில் பாரை விட, அதாவது மைதானத்துக்கு நிர்ணயித்த ஷாட் எண்ணிக்கையை விட, மொத்தத்தில் இருபதுக்கு மேல் குறைக்காமல் வெல்ல முடியாத வாரங்கள் அடிக்கடி வரும். இடைவிடாமல் பர்டி (ஒரு குழியைப் பாரை விட ஒரு ஷாட் குறைவாக முடிப்பது) அடிக்கும் பழக்கம் அங்கே வந்துவிடும். ஐரோப்பாவில் பலவிதமான ஷாட்டுகள் கைக்கு வரும். ஆட்டக் கல்வி என்று மட்டும் பார்த்தால் என் ஓட்டு ஐரோப்பாவுக்கே.

அதற்கு வலுவான உதாரணம் புரூக்ஸ் கெப்கா. அமெரிக்கர், ஆனால் 2012-இல் தொழில்முறை வீரரானதும் சேலஞ்ச் டூருக்குப் போனார். 2013 ஜூனில் ஸ்காட்லாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீசனின் மூன்றாவது பட்டத்தை வென்று உயர்வு பெற்றார். மறுநாளே இங்கிலாந்தின் சன்னிங்டேலில், மேஜர் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றான தி ஓப்பனின் தகுதிச் சுற்று, அதிலும் தேறினார். பின்னாளில் ஐந்து மேஜர் பட்டங்கள். அந்தப் பக்கம் கார்ன் ஃபெர்ரிக்கு ஸ்காட்டி ஷெஃப்ளர் ஒருவர் போதும்: 2019-இல் இரண்டு வெற்றிகள், புள்ளிப் பட்டியலில் முதலிடம், அடுத்த சீசனே அமெரிக்காவின் முதன்மைத் தொடரான பிஜிஏ டூர்.

மேலே ஏறினால் எங்கே போய் நிற்கிறோம் என்பதில்தான் பெரிய வேறுபாடு. கார்ன் ஃபெர்ரியின் 20 பேர் நேராக பிஜிஏ டூருக்குப் போகிறார்கள். ஹோட்டல்பிளானரின் 20 பேர் போவது ஐரோப்பாவின் முதன்மைத் தொடரான டிபி வேர்ல்டு டூருக்கு. அங்கே ஆண்டு முடிவில் ஏற்கெனவே பிஜிஏ தகுதி இல்லாத முதல் 10 பேருக்கு பிஜிஏ டூர் கார்டு, அதாவது அங்கே ஆடும் தகுதி, உண்டு. ஆக இது இரண்டு படி. ஒரு படிதான் சுலபம் என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் வாசலும் குறுகிவிட்டது: முன்பு 30 ஆக இருந்த கார்டுகள் 20 ஆகின. மேலே பிஜிஏ டூரில் முழுத் தகுதியைத் தக்கவைப்பவர்களின் எண்ணிக்கையும் 125-இலிருந்து 100-க்கு வந்துவிட்டது. கார்டு கையில் இருந்தும், ஆட்டக்காரர் பட்டியல் சிறியதாக உள்ள வாரங்களில் புதியவர் வெளியே நிற்க நேரும். டிபி வேர்ல்டு டூர் கார்டோடு போகிறவருக்கு ஆட வாரங்கள் கிடைக்கும்.

என் தீர்ப்பும் இதையொட்டியே. எந்த டூர் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது: எத்தனை போட்டியில் இடம் நிச்சயம்? கார்ன் ஃபெர்ரியில் அரைகுறைத் தகுதியோடு தொடங்குகிறவரின் நிலை கொடுமையானது. சில போட்டிகளுக்குப் பிறகு, யாருக்கு முதலில் இடம் என்ற வரிசை புள்ளிகளின்படி மறுபடி போடப்படும். கோடையில் பல்கலைக்கழக கோல்ஃப் வீரர்களின் தரவரிசையில் 2 முதல் 10 வரை வந்தவர்கள் முழுத் தகுதியோடு உள்ளே வருவார்கள். அத்தனை பேரும் இவருக்கு முன்னால். இந்த வாரம் ஆடுகிறோமா இல்லையா என்று தெரியாமல், யாராவது விலகினால்தான் இடம் என்ற மாற்று வரிசையில் காத்திருப்பவர் தன் ஸ்விங்கை எப்படிச் சரிசெய்வார்? நான்கு வாரம் தொடர்ந்து ஆடினால்தான் எது பிசகுகிறது என்றே புரியும். அதனால் முழுத் தகுதி இருந்தால் யோசிக்காமல் கார்ன் ஃபெர்ரி. அரைத் தகுதிதான் என்றால், ஐரோப்பாவில் முழுச் சீசன் ஆடுவதே மேல், பணம் குறைந்தாலும்.

பெண்கள் கோல்ஃபில் இந்தக் குழப்பம் குறைவு. பெண்களின் முதன்மை டூரான எல்பிஜிஏ-வுக்கு நேர் வழி எப்சன் டூர்தான். 2016-இல் நெல்லி கோர்டாவும் அங்கே ஒரு பட்டம் வென்றுதான் மேலே போனார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த டூர்களுக்கு மேலிருந்து இறங்கி வருகிறவர்களும் உண்டு. மேக்ஸ் ஹோமா 2016-17 பிஜிஏ டூர் சீசனில் 17 போட்டிகளில் இரண்டில்தான் கட் தாண்டினார், கார்டு போனது. 2018-இல் மறுபடி இரண்டாம் கட்டத்தில் நின்றார். போர்ட்லாண்டில் வெள்ளிக்கிழமை, இன்னும் நான்கு குழிகள் பாக்கி, கட்டுக்கு வெளியே இருக்கிறார். அந்த வாரம் போனால் சீசனே போய்விடும் என்ற நிலை. நான்கிலும் பர்டி. கட் தாண்டினார், அந்த ஆண்டே கார்டைத் திரும்பப் பெற்றார். 2019 மே மாதம் வெல்ஸ் ஃபார்கோ சாம்பியன்ஷிப்பில் முதல் பிஜிஏ பட்டம்.