ரிசப்ஷனுக்கு ஃப்யூஷன் குழு: முதலில் பாட்டு லிஸ்டைக் கேட்டு வாங்குங்கள்

தங்கை கல்யாண ரிசப்ஷனுக்கு (திருச்சி) கர்நாடகப் பாட்டுகளை மேற்கத்திய வாத்தியங்களோடு கலந்து வாசிக்கும் ஒரு ஃப்யூஷன் குழுவைக் கூப்பிட்டிருந்தோம். கீபோர்டு, கிடார், பேஸ், டிரம்ஸ், வயலின் என்று ஐந்து பேர், இரண்டரை மணி நேரம், போக்குவரத்து தனி. பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பையன்கள் நன்றாகத்தான் வாசித்தார்கள். தகராறு பாட்டுத் தேர்வில்தான்.

ஆரம்பம் வழக்கம்போல 'வாதாபி கணபதிம்'. அதன் ராகமான ஹம்சத்வனிக்கு என்ன, எந்தத் தாளத்தைப் போட்டாலும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துகொள்ளும். அடுத்தது ரகுவம்ச சுதா, அன்றைக்கு அதுதான் டாப். அதன் ராகமான கதனகுதூகலத்துக்குச் சங்கராபரண ராகத்தின் (மேற்கத்திய மேஜர் ஸ்கேல் மாதிரி) சுரங்கள்தான், ஆனால் ச ரி ம த நி க ப ச என்று தாவித் தாவி ஏறும், சுரங்கள் அதிகம் அசையாமல் நேராக நிற்கும், அதனால் கிடாருக்கென்றே பட்டணம் சுப்பிரமணிய ஐயர் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. சிட்டைஸ்வரத்தை (பாட்டோடு வரும் சுரக் கோவை) வயலினும் கிடாரும் சேர்ந்து வேகமாக எடுத்தபோது ஐஸ்க்ரீம் வரிசையில் நின்ற பொடிசுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

அப்புறம் நகுமோமு. உன் சிரித்த முகத்தைக் காணாமல் நான் படும் பாடு தெரிந்தும் வரக்கூடாதா என்று தியாகராஜர் ராமனிடம் கெஞ்சுகிற பாட்டு. அதற்கு டான்ஸ் பீட்! 'நா ஜாலி தெலிசி' என்று வருகிற தெலுங்கு ஜாலிக்குத் துயரம் என்று பொருள், இவர்கள் நம்ம ஊர் ஜாலி என்று நினைத்துவிட்டார்கள் போல. அதன் ராகமான ஆபேரி கிடாரில் அழகாகவே பேசியது, அதை மறுக்கவில்லை. கொஞ்சம் நிதானமாக விட்டிருந்தால் அழ வைத்திருப்பார்கள்.

சறுக்கியது தாயே யசோதாவில். எங்கள் அத்தைப் பாட்டி ஆசையாகக் கேட்டார், எல்லாருக்கும் தெரிந்த பாட்டுதானே என்று இவர்களும் தலையாட்டிவிட்டார்கள். தோடி ராகம் ஐயா அது! அதன் காந்தாரம் ('க' சுரம்) ஓரிடத்தில் நிற்காது, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அது அங்கேயே குத்துக்கல்லாக நிற்கிறது, ஓரத்துச் சக்கரத்தை உருட்டி வளைத்துப் பார்த்தார், ஜலதோஷம் பிடித்தவர் பாடியதுபோல வந்தது. போதாததற்குக் கிடார் கீழே பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டும் 'கார்டு'களாகப் (chord) போட்டுக்கொண்டே வர, ராகம் எங்கே போனது என்று பாட்டி என்னைப் பார்க்கிறார், நான் பந்தியைப் பார்க்கிறேன்.

'கீர்த்தனையை எல்லாம் இப்படிக் கெடுக்கலாமா' என்று பக்கத்தில் ஒரு மாமா ஆரம்பித்தார். எனக்கு அந்தக் கோபம் இல்லை. முத்துசாமி தீட்சிதரே ஆங்கிலேயர்களின் மெட்டுகளை எடுத்து, அவற்றுக்கு சமஸ்கிருத வரிகள் போட்டு நோட்டுஸ்வர சாகித்யம் செய்தவர்தானே, 'காட் சேவ் தி கிங்' மெட்டில்தான் 'சந்ததம் பாஹிமாம்' உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சங்கராபரணத்தின் சுரங்களுக்குள் அடங்குகிற மெட்டுகளாகப் பார்த்து எடுத்தார். கர்நாடக சங்கீதத்திலிருந்து மேற்கத்திய வாத்தியங்களுக்குப் பாட்டை எடுத்துப் போகிறவர்களும் அப்படித்தான் பார்த்து எடுக்க வேண்டும், பிரபலம் என்பது மட்டும் போதாது.

கூப்பிடலாமா என்றால், கூப்பிடலாம். நேரத்துக்கு வந்தார்கள், பேச ஆரம்பித்தால் சத்தத்தைக் குறைத்தார்கள். லிஸ்டை மட்டும் ஒரு வாரம் முன்னால் வாங்கி, தோடி, பைரவி மாதிரி சுரம் அசைகிற ராகங்கள் எல்லாம் இருந்தால் நீக்கிவிடுங்கள், அல்லது அதை வயலினுக்கு மட்டும் விடச் சொல்லுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாம் முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வயலின் பையன் பாட்டியின் நாற்காலி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மைக் இல்லாமல், தாயே யசோதா பல்லவியை மட்டும் இரண்டு தடவை வாசித்தான். காந்தாரம் ஆடியது. பாட்டி தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, 'இதை மேடையிலேயே பண்ணியிருக்கலாமே' என்றார். பாக்கிப் பணத்தோடு ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன்.