பந்துப் பெட்டி: எந்த வயதில் வாங்கலாம், எதைச் சோதிக்கலாம்?

மூடிய மரப்பெட்டி, மேலே ஒரு துளை, பக்கத்தில் விளிம்பு வைத்த தட்டு, ஒரு பந்து. துளையில் போட்டால் பந்து மறைந்து தட்டில் உருண்டு வரும். மாண்டிசோரி பொம்மை என்று விற்கும் இது நல்ல பொருள்தான். ஆனால் 6 மாதம் முதல் 3 வயது வரை என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

கண்ணுக்கு மறைந்த பொருளைக் குழந்தை தேடிக் கைநீட்டுவது ஏறக்குறைய 8 மாதத்தில் என்றார் குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே. குழந்தை எதை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று அளந்தால், மறைந்த பொருள் இன்னும் இருக்கிறது என்ற புரிதல் இன்னும் முன்பே தென்படுகிறது. மூன்றரை மாதக் குழந்தைகள் சிலரிடமே அதைக் கண்டதாக உளவியலாளர் ரெனே பயார்ஜான் 1987இல் எழுதினார். இந்தப் பெட்டிக்கோ கையும் பழக வேண்டும். பிடித்த பந்தை நினைத்த இடத்தில் விட 9, 10 மாதமாவது ஆகும். அதற்குமுன் கொடுத்தால் பந்து வாய்க்குத்தான் போகும்.

வாங்குமுன் ஒரு பொம்மையைத் துணியால் மூடிப் பாருங்கள். குழந்தை துணியை விலக்கி எடுத்தால் வாங்கலாம்.

மெதுவாக ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தட்டில் வந்த பந்தை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவதுதான் பெரியவர்கள் செய்யும் பிழை. தேடுகிற வேலை குழந்தையுடையது.

உள்ளே சரிவு போதாவிட்டால் பந்து பாதியில் நின்றுவிடும், குழந்தையும் விட்டுவிடும். வாங்கியதும் 20 முறை போட்டுச் சோதியுங்கள். எடை குறைந்த பெட்டி, துளையைப் பற்றி இழுத்தால் கவிழும். பந்தின் விட்டம் 4.45 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். அட்டையில் அந்த அளவுக்கு வட்டம் வெட்டி, பந்து நுழைந்தால் திருப்பிக் கொடுங்கள். தொண்டையை அடைக்கும் அளவு அது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதையும் பாருங்கள்.

ஒன்றரை வயதில் பெரும்பாலும் சலித்துவிடும். வட்டு, கட்டை போடும் வேறு துளைகளோடு மூடி மாற்றும் ரகம் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். அதற்குப் பிறகு கடைக்கே போக வேண்டாம், பிள்ளையின் சிந்தனை வளர்வதை வீட்டுப் பொருள்களை வைத்தே பார்க்கலாம். ஒரே அளவுத் தண்ணீரை அகலக் கிண்ணத்திலிருந்து ஒல்லி டம்ளருக்கு மாற்றினால் 4 வயதுப் பிள்ளை “இதில்தான் நிறைய” என்னும். 7, 8 வயதில் “ஊற்றினது அதே தண்ணீர்தானே” என்று சொல்லும். 12 வயதை ஒட்டி, நூலில் கட்டி ஊசலாக ஆட்டிப் பார்க்க நூலும் இரும்பு நட்டும் கொடுங்கள். ஊசலின் வேகத்தை மாற்றுவது நீளமா எடையா என்று, ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துச் சோதிக்கிறார்களா என்று கவனியுங்கள்.