வெளுத்த ஈறு: வைரஸா, பேபேசியாவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையோரத்தில் பூனையின் ஈறு வெளுத்திருந்தால், அதாவது இரத்தசோகை தெரிந்தால், முதலில் மூன்றைச் சந்தேகிக்க வேண்டும்: எஃப்ஈஎல்வி எனப்படும் பூனை லுகேமியா வைரஸ், எஃப்ஐவி எனப்படும் பூனை எதிர்ப்புக்குறை வைரஸ், பேபேசியா ஃபீலிஸ் என்ற இரத்த ஒட்டுண்ணி. வைரஸ்கள் உலகெங்கும் உள்ளவை. பேபேசியா ஃபீலிஸ் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கக் கரையோரத்து நோய். வெளிநாட்டுக் குறிப்புகளை மட்டும் படிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

வைரஸ் சோதனைக் கிட்டுக்கு முன்பே பிசிவி, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, பார்க்கச் சொல்லுங்கள். சுமார் 25 முதல் 45 சதவீதம் வரை இயல்பு. கூடவே இளம் சிவப்பணுக்களின் (ரெட்டிகுலோசைட்) எண்ணிக்கையும் வேண்டும், வழி பிரிவதே அங்குதான். மைக்ரோலிட்டருக்கு 50,000க்கு மேல் இருந்தால் சிவப்பணுவை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை உழைக்கிறது. இரத்தம் வேறெங்கோ அழிகிறது, அல்லது கசிகிறது. பேபேசியா, மைக்கோபிளாஸ்மா என்ற இரத்தப் பாக்டீரியா, குட்டிகளில் தெள்ளுப்பூச்சி, குழம்புச் சோற்றில் போன வெங்காயம், யாரோ கொடுத்த பாராசிட்டமால் எல்லாம் இந்தப் பக்கம். எண்ணிக்கை குறைவாக இருந்தால் மஜ்ஜையே படுத்துவிட்டது. எஃப்ஈஎல்வி பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். ஆனால் இழப்பு நேர்ந்து நாலைந்து நாள் ஆகாமல் எடுத்த எண்ணிக்கையை நம்பக்கூடாது, மஜ்ஜை விழித்துக்கொள்ள அவ்வளவு நேரம் எடுக்கும்.

இரு வைரஸ்களில் இரத்தசோகைக்குப் பெரிய குற்றவாளி எஃப்ஈஎல்விதான். அதன் சி வகை, சிவப்பணு உருவாவதையே நிறுத்திவிடும். எஃப்ஐவியில் கடும் இரத்தசோகை பொதுவாக முற்றிய கட்டத்தில்தான் வரும். அதன் மேல் பழிபோடும் முன் வேறு காரணம் தேடுங்கள். எஃப்ஈஎல்வி எச்சில், நக்குதல், பொதுத் தட்டு வழியாகப் பரவும். எஃப்ஐவி பெரும்பாலும் சண்டைக் கடியால். ஒரே கிட் இரண்டையும் காட்டினாலும் எஃப்ஈஎல்விக்கு அது தேடுவது வைரஸின் புரதத்தை, எஃப்ஐவிக்கு அதை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. ஆகவே ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு எஃப்ஐவி பாசிட்டிவ் வந்தால் அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாக இருக்கலாம், ஆறு மாதம் தாண்டியதும் மறுபடி பாருங்கள். அண்மையில் தொற்றியிருக்கலாம் என்றால் நெகட்டிவும் முடிவல்ல: எஃப்ஈஎல்விக்கு 30 நாள், எஃப்ஐவிக்கு 60 நாள் கழித்து மறுசோதனை.

பேபேசியாவில் காய்ச்சல் பெரும்பாலும் இராது. பூனை சோர்ந்து தெரியும்போது இரத்தம் மிகவும் இறங்கியிருக்கும். ஒட்டுண்ணியை இரத்தப் பூச்சில், அதாவது கண்ணாடித் தகட்டில் இரத்தம் பூசி நுண்ணோக்கியில், பார்க்கலாம். முக்கியமானது, இது வைரஸோடு சேர்ந்தே இருக்கலாம். வைரஸ் பாசிட்டிவ் என்றதும் கையை விரித்துவிட்டால், சிகிச்சை செய்யக்கூடிய பாதிக்கு மருந்தே போகாது. அது அந்தப் பூனைக்குச் செய்யும் அநியாயம்.

மருந்துகளும் வேறு. மைக்கோபிளாஸ்மாவுக்கு டாக்ஸிசைக்ளின்; மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், பின்னாலேயே ஐந்து மில்லி தண்ணீர் கொடுங்கள். பேபேசியாவுக்கு பிரைமாகுயின், கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டினால் உயிர் போகலாம். மனிதருக்கான ஒரு மாத்திரையில் 15 மில்லிகிராம். நாலு கிலோ பூனைக்குத் தேவை இரண்டு மில்லிகிராம்தான். வீட்டில் உடைத்துக் கொடுக்கும் மருந்தல்ல இது, அளந்து தருவது மருத்துவர் வேலை.

பிசிவி 15க்குக் கீழே போனால் இரத்தம் ஏற்றும் பேச்சு வரும். அப்போது வகை பார்க்காமல் ஏற்ற விடாதீர்கள்: பி வகைப் பூனைக்கு ஏ வகை இரத்தம் சிறிது போனாலும் ஆபத்து. இரத்தம் தரும் பூனைக்கும் எஃப்ஈஎல்வி, எஃப்ஐவி, பேபேசியா, மைக்கோபிளாஸ்மா நான்கும் பார்த்திருக்க வேண்டும்.